பேச்சும் மருந்துதான், அதை யார் கொடுப்பது?

காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222. மனச்சிதைவு நோய் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 பேருக்குப் புதிதாகத் தோன்றுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட இடைநிலை மதிப்பு. இதன்படி காரைக்காலில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30 பேர். மனச்சிதைவு என்ற வரையறைக்குள் வராத பிற உளப்பிறழ்வுகளையும் சேர்த்து, கணக்கின் வசதிக்காக 50 என்று வைத்துக்கொள்வோம். இவர்களில் பெரும்பாலோர் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கல்லூரியில் படிப்பவர்கள், படகில் செல்பவர்கள், முதல் வேலைக்குப் போனவர்கள், புதிதாக மணமானவர்கள்.

ஐம்பது என்பது ஒரு பேருந்தின் இருக்கைகளுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. காசநோயையோ நீரிழிவையோ போல ஆயிரக்கணக்கில் பெருகி, நிர்வாகத்தைத் திணறடிக்கும் சுமையன்று. பெயர் சொல்லி அழைத்து, வீடு தேடிச் சென்று, மூன்றாண்டுகள் உடனிருந்து கவனிக்கத்தக்க அளவு. ஆனாலும் இந்த ஐம்பது பேருக்குக் கிடைக்கவேண்டிய சிகிச்சையில் ஒரு பாதி நம்மிடம் ஏறக்குறைய இல்லை. அந்தப் பாதியின் பெயர் உளவியல் சிகிச்சை. எளிய தமிழில், முறையாகப் பயின்றவர் நோயாளியுடனும் குடும்பத்துடனும் அமர்ந்து பேசும் பேச்சு.

தாமதத்தின் விலை

‘சைக்கோசிஸ்’ என்று மருத்துவம் குறிப்பிடும் உளப்பிறழ்வு, நடப்புலகின் மீது மனம் கொண்டுள்ள பிடி தளர்ந்துபோகும் நிலை. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். அண்டை வீட்டார் தன்னைக் கண்காணிக்கிறார்கள், தொலைக்காட்சி தன்னைப் பற்றியே பேசுகிறது என்ற எண்ணம் அசைக்க முடியாத நம்பிக்கையாக உறையும். பெரும்பாலும் இதற்குச் சில மாதங்கள் முன்பே உறக்கம் கெடுகிறது, படிப்பில் நாட்டம் குறைகிறது, நட்பு அறுகிறது. வீட்டார் இதனைத் தேர்வு அச்சம், காதல் தோல்வி, செய்வினை, ஏழரைச் சனி என்று தமக்குத் தெரிந்த பெயர்களால் புரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் வருகை குறைந்து, மூன்றாம் ஆண்டில் பெயர் நீக்கப்படும் மாணவர்களைக் கல்லூரிகள் ‘இடைநின்றோர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகின்றன. அந்தச் சொல்லுக்குள் வறுமையும் உண்டு, திருமணமும் உண்டு, இந்த நோயும் உண்டு என்பது பல்லாண்டுகள் வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும்.

முதல் அறிகுறிக்கும் முதல் முறையான சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலமே இந்நோயின் போக்கைப் பெரிதும் முடிவுசெய்வதாக ஆய்வுகள் கூறுகின்றன. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளை ‘நெருக்கடிக் காலம்’ என்று வல்லுநர்கள் கருதுவது இதனால்தான். படிப்பும் தொழிலும் உறவுகளும் உடைவது அப்போதுதான்; தற்கொலை அபாயம் மிகுந்திருப்பதும் அப்போதுதான். அமெரிக்காவில் 21 மாநிலங்களின் 34 மருத்துவ மையங்களில், முதன்முறை நோயுற்ற 404 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், இந்தத் தாமதத்தின் இடைநிலை 74 வாரங்களாக இருந்தது. குறைவான மருந்து, தனிநபர் உளவியல் சிகிச்சை, குடும்பத்துக்கான பயிற்சி, கல்வி-வேலை உதவி ஆகிய நான்கையும் ஒருங்கே பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினர். அவர்களிலும், 74 வாரங்களுக்கு முன்பே வந்துசேர்ந்தவர்களுக்குப் பலன் பன்மடங்கு தெளிவாகத் தெரிந்தது. செல்வ வளமும் மருத்துவ வளமும் மிக்க நாட்டிலேயே ஒன்றரை ஆண்டுத் தாமதம் என்றால், நம் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் உளப்பிறழ்வு உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டறிந்தது.

பேச்சு என்ன செய்கிறது?

மாத்திரை கொடுத்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. மருந்து இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. குரல்களின் ஓசையை அது தணிக்கிறது. ஆனால் மருந்து தானாக வேலை செய்வதில்லை. நோயாளி அதை நாள்தோறும் விழுங்கவேண்டும். தனக்கு நோயே இல்லை என்று நம்பும் இளைஞர் ஏன் விழுங்குவார்? உடல் பருத்து, எந்நேரமும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பெண், தேறிவிட்டோம் என்று தோன்றிய மறுவாரமே ஏன் நிறுத்தமாட்டார்? நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் மீள்கிறது. ஒவ்வொரு மீளலும் முன்னதைவிட அதிகமாகப் பறித்துக்கொண்டு போகிறது. மருந்து தணித்த பிறகும் எஞ்சி நிற்கும் அச்சம், அவமானம், தனிமை ஆகியவற்றுக்கு மாத்திரை கிடையாது.

உளவியல் சிகிச்சை இந்த இடத்தில் நுழைகிறது. மருட்சி கொண்டவரிடம் பேசிப் பயனில்லை என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் கொள்கையாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், 1952-இலேயே அத்தகைய ஒருவருடன் உரையாடல் வழியே பணியாற்றியதைப் பதிவுசெய்தார். அவ்வழியில் வளர்ந்த அறிதல்-நடத்தைச் சிகிச்சை, நோயாளியின் நம்பிக்கையைப் பொய் என்று இடிப்பதில்லை. ஆமாம் என்று ஒத்து ஊதுவதுமில்லை. ‘அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள் என்று எப்போது முதலில் தோன்றியது? அன்று எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? வேறு விளக்கம் ஏதும் இருக்கக்கூடுமா?’ என்று உடன் நின்று ஆராய்கிறது. குரல் முற்றாக மறையாவிட்டாலும், அதற்குக் கீழ்ப்படியவேண்டியதில்லை என்ற தெளிவை ஒருவர் பெற்றால், அவர் வகுப்பறைக்கோ பட்டறைக்கோ திரும்ப முடியும்.

அந்தக் குரல்களும்கூட ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் தான்யா லூர்மான் தம் குழுவினருடன் கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 நோயாளிகளிடம் உரையாடினார். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் அறிமுகமற்ற, வன்முறை தோய்ந்த குரல்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள்: வீட்டு வேலையைச் செய்யச் சொல்லும், கடிந்துகொள்ளும், அறிவுரை கூறும் பெரியவர்களின் குரல்கள். லண்டனில் எழுதப்பட்ட கையேட்டை மொழிபெயர்த்து இங்கே பயன்படுத்தினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அம்மாவின் குரலில் பேசும் நோயை, அம்மா என்ற சொல்லுக்கு இங்கே என்ன எடை என்று அறிந்தவரே அணுக முடியும்.

இரண்டாவது வகைப் பேச்சு குடும்பத்துடன் நிகழ்வது. ஓயாத குறைகூறலும் பகையும் அளவுமீறிய தலையீடும் நிலவும் வீடுகளில் நோய் விரைவில் மீள்கிறது என்பதை இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. ‘சோம்பேறி’ என்று மகனைத் திட்டும் தந்தை கொடியவரல்லர். எழ மனமின்றிப் படுத்திருப்பதும் நோயின் கூறு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதும், சினம் எழும்போது என்ன செய்வது என்று பழக்குவதும், தாயின் குற்றவுணர்வை இறக்கிவைப்பதும் சிகிச்சையின் பகுதிகள். நோய் மீள்வதைத் தடுப்பதில் இக்குடும்ப சிகிச்சைக்கு உள்ள சான்று மிக வலுவானது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறிகள் ஒவ்வொரு நோயாளிக்கும் குறைந்தது 16 அமர்வுகள், உடன் வாழும் குடும்பத்துக்குக் குறைந்தது 10 அமர்வுகள் என்று வரையறுத்துள்ளன.

நம்மிடமே உள்ள சான்று

இவையெல்லாம் மேலைநாட்டு ஆடம்பரங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே நாற்பதாண்டு அனுபவம் குவிந்துள்ளது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணியான மருத்துவர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். சென்னையில் 1981-இல் தொடங்கி, முதன்முறை நோயுற்ற 90 பேரை மருத்துவர் தாராவும் சகாக்களும் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வு உலக அளவில் மேற்கோள் காட்டப்படுவது.

பின்னர் ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் இணைந்து, சென்னையிலும் மான்ட்ரியாலிலும் முதன்முறை நோயுற்றவர்களுக்கு ஒரே வகையான ஈராண்டுச் சிகிச்சையை அளித்து ஒப்பிட்டன. மருட்சியும் மாயக்குரலும் இரு நகரங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தன. ஆனால் உணர்ச்சி வற்றுதல், ஊக்கம் இழத்தல், ஒதுங்கிப்போதல் போன்றவற்றிலிருந்து மீள்வதில் சென்னை நோயாளிகள் முந்தினர். சென்னையில் குடும்பத்தினர் சிகிச்சைக் குழுவுடன் கூடுதல் தொடர்பில் இருந்தனர் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டனர். வீட்டில் ஒருவர் உடனிருப்பதே நம் பெருமுதல். அதைப் பயிற்றுவித்துப் பயன்படுத்துவதா, களைத்துக் கைவிடும்வரை விட்டுவிடுவதா என்பதே கேள்வி.

மனநல மருத்துவர்களே இல்லாத கிராமங்களில் இது நடக்குமா? இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே உள்ளார் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் குறிப்பிட்டது. மருத்துவ உளவியலாளர்களும் அரிதே. இதற்கு விடைகாணும் வகையில் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, ‘லான்செட்’ இதழில் 2014-இல் வெளியானது. பள்ளிக் கல்வி முடித்த உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, வல்லுநர் மேற்பார்வையில் வீடு தேடி அனுப்பினர். அவர்கள் நோயை விளக்கினர். மருந்தைத் தொடரச் செய்தனர். அன்றாட வாழ்வுக்குத் திரும்பத் துணைநின்றனர். ஓராண்டில் அறிகுறிகளும் செயலிழப்பும் மிதமான அளவில் குறைந்தன. சேவைகள் அருகிய கிராமப்புறங்களில் தொடக்கச் சேவையாக இதனைச் செயல்படுத்தலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இந்த ஆய்வு நெடுநாள் நோயாளிகளையும் உள்ளடக்கியது. முதல்நிலை நோயாளிகளுக்கு மட்டுமானதன்று. கிடைத்த பலனும் ‘மிதமானது’ என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் மிதமான பலன் என்பது ஒருவர் மீண்டும் வேலைக்குப் போவதற்கும் போகாமல் இருப்பதற்கும் உள்ள இடைவெளியாக இருக்கலாம்.

கோயிலும் மருத்துவமனையும்

காரைக்காலில் இந்தக் குடும்பங்கள் முதலில் எங்கே செல்கின்றன? மேற்கே திருநள்ளாறு, தெற்கே நாகூர், அதற்கப்பால் வேளாங்கண்ணி. இதை மூடநம்பிக்கை என்று இகழ்வோர், பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாருக்கு ஆனியில் மாங்கனித் திருவிழா எடுக்கும் ஊர் இது என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் மரபில் பித்துக்கும் பேய்க்கும் இழிவு மட்டுமே இருந்ததில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஓர் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கியது பிற்காலத் திரைப்படங்களின் கைங்கரியம்.

வழிபாட்டிடங்கள் அளிக்கும் ஆறுதலுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. தமிழ்நாட்டின் ஒரு கிராமக் கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்தனர். சராசரியாக ஆறு வாரங்கள் தங்கியபின் அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்ததை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அடிக்காத, கட்டாத, உடன் தங்கவிட்ட இடம் அது. இதற்கு மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கு ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். பின்னாளில் அதே ஏர்வாடியில் ‘தவா-துவா’, அதாவது மருந்தும் வேண்டுதலும் என்ற பெயரில் தர்காவுடன் இணைந்து அரசு சிகிச்சை அளிக்கத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றில் குவியும் கூட்டத்துக்கிடையே, நேர்த்திக்கடன் முடித்து வருவோரை அன்போடு அழைத்துப் பேச ஒரு சிறு மனநல உதவி அறை இருந்தால், அதை எந்தப் பக்தரும் குறைகூறப்போவதில்லை.

பணம் ஏன் இங்கே வரவில்லை?

பொருளியல் பயின்ற எனக்கு இதில் முதன்மையாகத் தோன்றுவது, நம் மருத்துவ நிதி எதை எண்ணுகிறது என்ற கேள்விதான். கட்டடத்தை எண்ணுகிறது, படுக்கையை எண்ணுகிறது, மாத்திரையை எண்ணுகிறது. உரையாடலை எண்ணும் தலைப்பே கணக்கேட்டில் இல்லை. ‘ஆயுஷ்மான் பாரத்’ காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. புறநோயாளியாக வாரந்தோறும் வந்து பேசிச் செல்லும் 16 அமர்வுகள் அதில் அடங்கா. அதாவது, நோய் முற்றி உள்நோயாளியாகச் சேர்ந்தால் அரசு செலவழிக்கும். முற்றாமல் தடுக்கச் செலவழிக்காது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் காப்பீடு வழங்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறியபின்னும் இந்த முரண் நீடிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. செலவு சுகாதாரத் துறைக்கு, பலன் வேறிடங்களுக்கு. ஓர் இளைஞர் தேறினால் அவரைக் காவல் காக்க வேலையை விட்ட தாய் மீண்டும் கூலிக்குச் செல்கிறார். தங்கையின் படிப்பு தொடர்கிறது. நகையும் நிலமும் மிஞ்சுகின்றன. இவற்றில் எதுவும் துறையின் ஆண்டறிக்கையில் வரவாகப் பதியாது. பலன் சிதறியும் செலவு குவிந்தும் இருக்கும் பணிகளைச் சந்தையும் செய்யாது. துறைகளும் தாமாகச் செய்யா. அரசின் கொள்கை முடிவு ஒன்றே அதைச் செய்ய முடியும்.

அந்த முடிவின் அளவு எவ்வளவு பெரியது? ஆண்டுக்கு 50 பேர். ஒவ்வொருவருக்கும் 16 தனி அமர்வுகள், 10 குடும்ப அமர்வுகள். மொத்தம் 1,300 அமர்வுகள். ஒரு சிகிச்சையாளர் நாளொன்றுக்கு 5 அமர்வு வீதம் 220 நாள் பணியாற்றினால் 1,100. ஆக, இருவர் போதும். நிரவி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன்களுக்கும் நகராட்சிக்கும் ஒருவர் வீதம் வீடுசெல்லும் பணியாளர் ஆறு பேர். மூன்றாண்டுத் தொடர் கவனிப்பையும் சேர்த்தாலும் பத்துப் பேருக்கு மேற்படாத குழு. நார்வேயிலோ கனடாவிலோ சிகிச்சையாளரின் ஒரு மணி நேரம் விலையுயர்ந்தது, மாத்திரை மலிவானது. இங்கே உளவியலும் சமூகப் பணியும் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளம்பெண்கள் எத்தனையோ பேர். மனித நேரத்தில் நாம் ஏழைகள் அல்லர்.

பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் நிறுவனங்கள் உள்ளன. ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி 2016 முதல் காரைக்காலில் இயங்குகிறது. அரசுப் பொது மருத்துவமனை நகரின் நடுவிலேயே உள்ளது. பேருந்தில் தொலைமருத்துவக் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குச் சென்றதும் அருகிலுள்ள முன்மாதிரியே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்று, துயருற்றோருக்கு உளத்துணை நல்கியதை மீனவக் கிராமங்கள் மறந்திருக்கமாட்டா.

எல்லைக்கோட்டின் இடர்

காரைக்காலுக்கே உரிய இடர் அதன் எல்லைக்கோடு. மூன்று பக்கமும் தமிழ்நாடு; தலைநகர் புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், இடையில் சில மாவட்டங்களைத் தாண்டி. நோயாளிகள் நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் செல்கிறார்கள். அங்குள்ளோர் இங்கே வருகிறார்கள். குடும்ப அட்டை எந்த அரசுடையது என்பதைப் பொறுத்துத் திட்டங்கள் மாறுகின்றன. சளிக் காய்ச்சலுக்கு இது சிறு தொல்லை. மூன்றாண்டுகள் ஒரே சிகிச்சையாளரிடம் தொடரவேண்டிய நோய்க்கு இது அறுந்த சங்கிலி. ஒவ்வொரு முறையும் புதியவரிடம் தன் கதையை முதலிலிருந்து சொல்லும் இளைஞர், மூன்றாவது முறை வாய் திறப்பதில்லை.

சட்டம் இங்கே குடிமக்கள் பக்கம் நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, நோயாளி நெடுந்தொலைவு பயணம் செய்ய நேராதவாறு அருகிலேயே சேவை கிடைக்கவேண்டும் என்கிறது. குடும்பத்துக்கான ஆதரவையும் வீட்டுவழி மறுவாழ்வையும் அரசின் கடமைகளில் சேர்க்கிறது. எனவே கேட்பது சலுகையன்று. புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் டெல்டா மாவட்டங்களுக்கெனப் பொதுவான பரிந்துரை முறையை ஏற்படுத்தி, அட்டையின் நிறம் பாராமல் சிகிச்சைப் பதிவேடு நோயாளியுடன் செல்லுமாறு ஓர் உடன்பாடு செய்துகொள்வது முதல் தேவை.

சேவையைத் திறந்துவைத்தால் மட்டும் மக்கள் வந்துவிடமாட்டார்கள். நார்வேயில் செய்தித்தாள், பள்ளி, மருத்துவர் வழியாகத் தீவிரப் பரப்புரை நடந்தபோது, சிகிச்சைக்கு முந்தைய தாமதத்தின் இடைநிலை 5 வாரங்களாக இருந்தது. பரப்புரை நின்றதும் அது 15 வாரங்களாகக் கூடியது. கல்லூரி ஆசிரியர்கள், ஆஷா பணியாளர்கள், மீனவப் பஞ்சாயத்தார், கோயில், தர்கா, தேவாலய நிர்வாகிகள் ஆகியோருக்கு ஆண்டுதோறும் ஓரிரு நாள் பயிற்சி அளிப்பது இதன் பகுதி. சிற்றூர்களில் கமுக்கம் காப்பது கடினம் என்பதால், ‘மனநோய்ப் பிரிவு’ என்ற பலகையின்றி இளையோர் நல மையமாக அது இயங்குவது நல்லது. பெண் வீட்டார் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சம் எத்தனை பேரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவைக்கிறது என்பது ஊரறிந்ததே.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. சில வாரப் பயிற்சி பெற்றவரைச் சிகிச்சையாளர் என்று பெயரிட்டு, மேற்பார்வையின்றித் தனியே விட்டால் தீங்கே விளையும். மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவர் மட்டுமே முடிவெடுக்கவேண்டும். தற்கொலை எண்ணம் தென்படும் நொடியில் யாரை அழைப்பது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாத திட்டம், ஒப்பந்த ஊழியர் நியமனமாகச் சுருங்கிவிடும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416 இன்றும் அழைக்கத்தக்கது, தமிழிலும் பேசலாம். ஆனால் தொலைபேசியின் மறுமுனை, அடுத்த வாரம் எங்கே செல்லவேண்டும் என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் காரைக்காலுக்கென இரண்டு சிகிச்சையாளர்கள், ஆறு களப்பணியாளர்கள், ஒரு மேற்பார்வை மருத்துவர் என்று ஒரு வரி எழுதப்பட்டால், அந்த இடம் உருவாகிவிடும். மூன்றாண்டுகளுக்குப் பின் எத்தனை பேர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பினர் என்று எண்ணிப் பார்த்து, அதன்பின் மாஹேக்கும் ஏனாமுக்கும் நாகைக்கும் விரிவாக்கலாம். சின்னஞ்சிறு மாவட்டமாக இருப்பதன் சிறப்பு, எண்ணிப் பார்க்க முடிவதுதான்.